தொலைந்துபோன மெயின்ஃப்ரேம் நிரல்களைத் தேடிக் கண்டெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், தாம் எழுதிய ‘எலைசா’ என்ற உரையாடல் நிரலைப் பற்றி 1966 ஜனவரியில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நிரல் எவ்வாறு வேலை செய்கிறது என்ற விளக்கமும், அதை ஒரு மனநல மருத்துவரைப் போலப் பேசவைத்த ‘டாக்டர்’ என்ற விதித் தொகுப்பும் அக்கட்டுரையில் அச்சாகியிருந்தன. மூல நிரல் மட்டும் இடம்பெறவில்லை. அதன் பிறகு எலைசாவைப் பார்த்துப் பலர் பல மொழிகளில் நகல்கள் எழுதினார்கள். அசல் எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தது. 2021-இல் ஜெஃப் ஷ்ரேகர் என்ற ஆய்வாளர், எம்.ஐ.டி. ஆவணக் காப்பகத்தின் உதவியோடு வைசன்பாமின் தாள்கள் அடங்கிய பெட்டிகளைப் பார்வையிட்டபோது, எட்டாம் எண் பெட்டியில் ‘கணினி உரையாடல்கள்’ என்று பெயரிட்ட ஓர் உறைக்குள் அந்த நிரலின் அச்சுப்பிரதி கிடைத்தது. 2024 டிசம்பர் 21 அன்று அது மீண்டும் இயங்கியது.

அந்தப் பெட்டி காணாமற் போயிருக்கவில்லை. எண்ணிடப்பட்டு, பட்டியலில் ஏற்றப்பட்டு, உரிய இடத்தில்தான் இருந்தது. தொடக்ககால மெயின்ஃப்ரேம் (அறையை நிறைக்கும் பெருங்கணினி) நிரல்களில் ‘தொலைந்தவை’ என்று சொல்லப்படுபவற்றுள் பல இத்தகையவையே: அழிந்தவை அல்ல, பெயரிலிருந்து பிரிந்துபோனவை. ஆகவே நிரலின் பெயரைத் தேடுவதை விட, அது யாருடைய கைகளைக் கடந்து சென்றது, எந்தத் தாள்களோடு சேர்த்துக் கட்டப்பட்டது என்பதைத் தேடுவதே பலன் தரும். இந்த வழிகாட்டி அந்தக் கொள்கையின் மீதே அமைந்திருக்கிறது.

முதற்படி: தேடுவது எது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

தேடலைத் தொடங்குமுன் ஒரு தாளில் சில விவரங்களைக் குறிக்க வேண்டும். நிரல் எந்த இயந்திரத்தில், எந்த மாதிரியில் ஓடியது. அந்த இயந்திரத்தின் சொல் நீளம், அதாவது அது ஒரே அலகாகக் கையாளும் தரவு, எத்தனை பிட். எந்த இயக்கு தளத்தின் கீழ், எந்த மொழியில் எழுதப்பட்டது. வெளியிலிருந்து எந்தத் துணை நிரல்களை அழைத்தது. எந்த ஆண்டுகளில் பயன்பாட்டில் இருந்தது. இவற்றுள் ஒன்று தவறினாலும் தேடல் தவறான அலமாரிக்குப் போய்விடும்.

எலைசாவே இதற்குச் சான்று. அது லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது என்று நெடுங்காலம் பலரும் நம்பினார்கள். பி.பி.என். நிறுவனத்தில் பெர்னி கோசெல் என்பவர் எழுதிய லிஸ்ப் நகல் பரவலாக அறியப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். 1977-இல் ஓர் இதழில் வெளியான பேசிக் மொழி நகல் வீட்டுக் கணினிகளில் பரவியது. அசலோ ஐ.பி.எம். 7094 இயந்திரத்தில், சி.டி.எஸ்.எஸ். என்ற பல பயனர் இயக்கு தளத்தின் கீழ், மேட் என்ற மொழியில், வைசன்பாமே உருவாக்கிய ஸ்லிப் என்ற பட்டியல் செயலாக்கத் துணை நிரல்களோடு எழுதப்பட்டது. 1966-ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கவனமாகப் படித்திருந்தால் இது தெரிந்திருக்கும். கட்டுரையே மொழியைக் குறிப்பிடுகிறது. மூலக் கட்டுரையை விட்டுவிட்டு அதைப் பற்றிப் பிறர் எழுதியதை நம்புவது இத்துறையில் மிகுதியாகக் காணப்படும் குறை.

பதிப்பு என்ற கேள்வியையும் இப்போதே எதிர்கொள்ள வேண்டும். 1960-களின் நிரலுக்கு ‘இறுதிப் பதிப்பு’ என்ற ஒன்று பெரும்பாலும் கிடையாது. மான்செஸ்டர் ‘பேபி’ கணினியில் 1948 ஜூன் 21 அன்று ஓடிய முதல் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். டாம் கில்பர்ன் எழுதிய அதன் மூல வடிவம் எங்கும் தனியே எஞ்சவில்லை. ஜெஃப் டூட்டில் என்ற பொறியாளரின் குறிப்பேட்டில் 1948 ஜூலை 18 தேதியிட்ட திருத்திய வடிவமே இருக்கிறது. அதிலிருந்தும் சம்பந்தப்பட்டவர்களின் நினைவிலிருந்தும் முதல் வடிவத்தை மீட்டெடுத்தார்கள். நீங்கள் தேடுவது முதல் வடிவமா, வெளியிடப்பட்ட வடிவமா, எஞ்சியிருக்கும் எந்த வடிவமானாலும் சரியா என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால், கிடைத்ததை மதிப்பிடுவது எளிதாகும்.

இரண்டாம் படி: அச்சில் வந்தவற்றை வடிகட்டுங்கள்

காப்பகங்களுக்கு எழுதுமுன், வீட்டிலிருந்தபடியே பார்க்கக்கூடியவற்றைப் பார்த்து முடிக்க வேண்டும். ஆய்விதழ்கள், தொழில்நுட்ப அறிக்கைகள், முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஆகிய மூன்றில் கடைசியாகச் சொன்னதற்கே என் ஓட்டு. எழுதிய நிரலை முழுமையாகப் பின்னிணைப்பாகச் சேர்த்துக் கட்டும் வழக்கம் அன்று பரவலாக இருந்தது. பல்கலைக்கழக நூலகங்கள் ஆய்வேடுகளை எளிதில் அப்புறப்படுத்துவதில்லை.

அடுத்து, பயனர் சங்கங்களின் வெளியீடுகள். ஐ.பி.எம். 704 இயந்திரத்தை வாங்கிய நிறுவனங்கள் 1955-இல் ‘ஷேர்’ என்ற சங்கத்தைத் தொடங்கி, தங்களுக்குள் நிரல்களைப் பகிர்ந்துகொண்டன. யூனிவாக் 1103ஏ பயனர்களுக்கு ‘யூஸ்’, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவன இயந்திரங்களின் பயனர்களுக்கு 1961 முதல் ‘டெகஸ்’ என்று இவை பெருகின. ஷேர் நிரல்களின் பெயர்களில் எழுதிய நிறுவனத்தைக் குறிக்கும் ஈரெழுத்து முன்னொட்டு வரும். எடுத்துக்காட்டாக, 704-இன் புகழ்பெற்ற அசெம்பிளருக்கு (குறியீட்டுக் கட்டளைகளை இயந்திர மொழியாக்கும் நிரல்) ‘யு.ஏ. சாப்’ என்று பெயர். யு.ஏ. என்பது யுனைடெட் ஏர்கிராஃப்ட். ராய் நட் அங்கேதான் அதை எழுதினார். ஏதோ ஒரு பழைய அறிக்கையில் ஈரெழுத்தோடு ஒரு நிரலின் பெயர் தென்பட்டால், தேட வேண்டிய நிறுவனம் எது என்பது உடனே தெரிந்துவிடும்.

அரசுப் பணத்தில் எழுதப்பட்ட நிரல்களுக்குத் தனி வழிகள் உண்டு. நாசாவின் நிரல்களை ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 1966-இல் தொடங்கிய ‘காஸ்மிக்’ மையம் விநியோகித்தது. அணுஉலைக் கணக்கீட்டு நிரல்களை ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் நிரல் மையம் சேகரித்தது. இவற்றின் பழைய அட்டவணைகளில் நிரலின் சுருக்கம், இயந்திரம், மொழி, நிரலைத் துளையிட்டு வைத்த அட்டைகளின் எண்ணிக்கை வரை அச்சாகியிருக்கும். நிரல் கிடைக்காவிட்டாலும், பின்னால் ஒரு நாள் கையில் வரும் அட்டைக் கட்டு முழுமையானதா என்று சரிபார்க்க அந்த எண்ணிக்கை உதவும்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் ஜெர்மன் உதவியோடு ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. அந்த இயந்திரத்தில் ஓடிய நிரல்களைத் தேடுபவர் முதலில் செல்ல வேண்டிய இடம் கணினி மையம் அல்ல, நூலகத்தின் ஆய்வேட்டுப் பிரிவு.

மூன்றாம் படி: மனிதர்கள்

கட்டுரையின் முதல் ஆசிரியரைத் தேடி எல்லோரும் போவார்கள். அவர் பெரும்பாலும் மேற்பார்வையாளராகவே இருந்திருப்பார். நன்றியுரையில் கடைசி வரியில் ‘நிரலாக்க உதவிக்கு’ என்று யார் பெயர் வருகிறதோ அவரே அட்டைகளைத் தொட்டவர். அச்சுப்பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போனவரும் அவராகவே இருக்க வாய்ப்பு மிகுதி. அதே போல, இயந்திரத்தை இயக்கியவர்கள், பராமரிப்புப் பொறியாளர்கள் ஆகியோரையும் மறக்கக்கூடாது. கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியை பிளெச்லி பூங்காவில் மீண்டும் கட்டிக்கொண்டிருந்த குழுவுக்கு 2014-இல் கிடைத்த 19 மூல வரைபடங்கள், இயந்திரம் கலைக்கப்பட்ட காலத்தில் அங்கு வேலை பார்த்த ஒருவர் எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்தவை.

இவர்களுக்கு எழுதும் கடிதத்தில் “அந்த நிரல் உங்களிடம் இருக்கிறதா?” என்று கேட்பது பயனற்றது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய பெயரைக் கேட்டதும் ‘இல்லை’ என்றே மனம் சொல்லும். அதற்குப் பதிலாக, “அந்த நிறுவனத்தை விட்டு வந்தபோது உங்கள் அறையில் இருந்த தாள்கள் எங்கே போயின? உங்களோடு யார் அமர்ந்து வேலை செய்தார்கள்? உங்களுக்குப் பிறகு அந்த நிரலைப் பராமரித்தவர் யார்?” என்று கேளுங்கள். மனிதர்களின் நினைவு பெயர்களை விட இடங்களையும் ஆட்களையும் நன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது. அவர் காலமாகிவிட்டிருந்தால் குடும்பத்தாருக்கு எழுதலாம். ஆனால் பொறுமையாகவும் மரியாதையோடும், அவர்கள் பெட்டியைத் திறக்க வேண்டிய கட்டாயத்தை ஏற்படுத்தாமலும் எழுத வேண்டும். “எதையும் தூக்கி எறியுமுன் எனக்கோ ஓர் அருங்காட்சியகத்துக்கோ ஒரு வரி எழுதுங்கள்” என்ற வேண்டுகோள் மட்டும் கட்டாயம் இடம்பெற வேண்டும். வயதானவர்களின் வீடு மாற்றமே இத்தகைய தாள்கள் அதிகமாக அழியும் தருணம்.

நான்காம் படி: காப்பகங்கள்

கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பாபேஜ் நிறுவனம், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உள்ள கணினி வரலாற்றுத் தேசியக் காப்பகம், எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு போன்ற பல்கலைக்கழகங்களின் சொந்தக் காப்பகங்கள் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. பரோஸ், கன்ட்ரோல் டேட்டா ஆகிய நிறுவனங்களின் ஆவணங்கள் மின்னசோட்டாவில் இருக்கின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஸ்கேன் செய்யப்பட்டவற்றுக்கு ஆல் கோசோவ் நடத்திவரும் ‘பிட்சேவர்ஸ்’ தொகுப்பை முதலில் அலசிவிட வேண்டும். ஐ.பி.எம். 360 குடும்பத்துக்கான பயனர் நிரல்களுக்கு, 1975-இல் அமெரிக்க வங்கி ஒன்றில் தொடங்கி இன்றுவரை தொடரும் ‘சி.பி.டி. நாடா’ தொகுப்பு உண்டு.

காப்பக இருப்புப் பட்டியலைப் படிப்பது தனிக் கலை. பட்டியலிட்டவர் நிரலாளர் அல்லர். அவர் ஒரு தடித்த மடிப்புத் தாள் கட்டைப் பார்த்து ‘கணினி வெளியீடு’, ‘அச்சுப்பிரதி, தேதியில்லை’, ‘பல்வகை’ என்று எழுதியிருப்பார். ஆகவே நிரலின் பெயரில் தேடி ஒன்றும் வரவில்லை என்று மூடிவிடாமல், ஆசிரியரின் தாள் தொகுப்பு முழுவதையும் பெட்டி பெட்டியாக வாசித்து, இப்படிப்பட்ட மங்கலான தலைப்புகளைக் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் பார்த்துச் சொல்லும்படி காப்பாளரிடம் கேட்க வேண்டும். “பெட்டி எட்டில் இந்த உறையில் அகலமான மடிப்புத் தாள் இருக்கிறதா, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்ப முடியுமா?” என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். “இந்த நிரல் உங்களிடம் இருக்கிறதா?” என்ற கேள்விக்கு, பட்டியலில் இல்லை என்ற பதிலே வரும்.

ஐந்தாம் படி: கிடைத்த பொருளைக் கையாளுதல்

மூன்று வடிவங்களில் ஒன்றில்தான் நிரல் கிடைக்கும்: காந்த நாடா, துளை அட்டை, அச்சுப்பிரதி. நாடா கிடைத்தால் மகிழ்ச்சியடைவதும் தாள் கிடைத்தால் சோர்வதும் இயல்பு. உண்மையில் தாளே நம்பகமானது.

நாடாவைப் பொறுத்தவரை முதல் விதி: கையில் கிடைத்த பழைய நாடா இயக்கியில் பொருத்திப் பார்க்கக் கூடாது. அரை அங்குல அகலமுள்ள இந்த நாடாக்களின் பிணைப்புப் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்திருந்தால், முதல் ஓட்டத்திலேயே ஆக்சைடு படலம் உரிந்து படிப்பு முனையில் ஒட்டிக்கொள்ளும். அத்தகைய பாலியெஸ்டர் நாடாக்களை 50 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலான மிதமான வெப்பத்தில் நெடுநேரம் வைத்து, தற்காலிகமாகப் படிக்கத்தக்க நிலைக்குக் கொண்டுவருவார்கள். ஆனால் 1950-களின் அசிட்டேட் நாடாக்களைச் சூடாக்கினால் அவை கெட்டுவிடும். வினிகர் வாடை வந்தால் அது அசிட்டேட் என்று கொண்டு, நிபுணரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

1964-இல் சிஸ்டம் 360 வருவதற்கு முந்தைய ஐ.பி.எம். நாடாக்கள் ஏழு தடங்கள் கொண்டவை: ஆறு தரவு பிட், ஒரு சமநிலை பிட் (பிழையைக் கண்டறிய, 1-களின் எண்ணிக்கையை இரட்டையாகவோ ஒற்றையாகவோ ஆக்கும் கூடுதல் பிட்). அங்குலத்துக்கு 200, 556, 800 எழுத்துகள் என்ற அடர்த்திகள் இருந்தன. இன்று இவற்றைப் படிப்பவர்கள் முனையிலிருந்து வரும் மின்சமிக்ஞையை அப்படியே எண்ணியமாக்கிச் சேமித்துக்கொண்டு, பிட்டுகளைப் பிரித்தெடுக்கும் வேலையைப் பிறகு மென்பொருளால் செய்கிறார்கள். நாடா ஒரே ஒரு முறைதான் ஓடித் தாங்கும் என்றாலும், சேமித்த சமிக்ஞையை எத்தனை முறை வேண்டுமானாலும் ஆராயலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சமநிலை பிட், ஒவ்வொரு பதிவின் முடிவிலும் தடவாரியாக ஒரு சரிபார்ப்பு எழுத்து என்று குறுக்கும் நெடுக்குமாக இரண்டு காவல்கள் இருப்பதால், ஒரு பிட் மட்டும் பிழையாக இருந்தால் அது எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்திவிட முடியும்.

இங்கே புதியவர்களை ஏமாற்றும் ஒரு நுணுக்கம் உண்டு. எழுத்துத் தரவு இரட்டைச் சமநிலையில் எழுதப்பட்டது. அந்த முறையில் எல்லா பிட்டும் பூஜ்ஜியமான ஓர் எழுத்தை நாடாவில் எழுதினால் அங்கே எந்தக் காந்த மாற்றமும் நிகழாது. எழுத்து இருப்பதே தெரியாது. அதனால் 0 என்ற இலக்கம் நாடாவில் எண்ம முறையில் (எட்டை அடியாகக் கொண்ட எண் முறை) 12 என்று எழுதப்பட்டது. 7094-இன் முன்னோடியான 7090-இன் நினைவகத்தில் வெற்றிடம் எண்மம் 60, நாடாவில் 20. இந்த மாற்றத்தை அறியாமல் படித்தால், நல்ல நாடாவைக் கெட்டுப்போனது என்று ஒதுக்கிவிடும் அபாயம் இருக்கிறது.

துளை அட்டைக் கட்டைப் பெற்றால், ரப்பர் வளையத்தை அவிழ்ப்பதற்கு முன் கட்டின் நான்கு பக்கங்களையும் படமெடுங்கள். கட்டின் மேல்புறத்தில் குறுக்காக வரைந்த பென்சில் கோடு, அட்டைகள் வரிசை மாறவில்லை என்பதற்கான அடையாளம். மை எழுத்துகள் நிரலின் பகுதிகளைக் குறிக்கும். 704 இயந்திரத்தின் அட்டை படிப்பான் 80 நெடுவரிசைகளில் 72-ஐ மட்டுமே படித்தது. மீதி எட்டில் வரிசை எண்ணைத் துளையிட்டார்கள். ஃபோர்ட்ரான் என்ற அறிவியல் கணக்கீட்டு மொழியின் கட்டளைகள் 72-ஆம் நெடுவரிசையோடு முடிந்ததற்கும் அதுவே காரணம். இயந்திர மொழி அட்டையில் ஒரு வரிசைக்கு இரண்டு 36 பிட் சொற்கள் வீதம் பன்னிரண்டு வரிசைகளில் 24 சொற்கள் அடங்கும். ஒன்பதாம் வரிசையின் இடப்பக்கச் சொல் முகவரியையும் எண்ணிக்கையையும், வலப்பக்கச் சொல் சரிபார்ப்புக் கூட்டுத்தொகையையும் தாங்கும். எஞ்சிய 22 சொற்களே நிரல். கூட்டுத்தொகை பொருந்தினால் அந்த அட்டையைச் சரியாகப் படித்துவிட்டோம் என்று நிம்மதியடையலாம்.

ஆறாம் படி: அச்சுப்பிரதியிலிருந்து நிரலுக்கு

பெரும்பான்மையான மீட்புகள் இந்தப் படியில்தான் வெல்கின்றன அல்லது தோற்கின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மடிப்புத் தாளைப் பிரிக்காமல், ஒவ்வொரு பக்கத்தையும் தட்டையாக வைத்து, வண்ணத்தில், அங்குலத்துக்குக் குறைந்தது 400 புள்ளிகள் அடர்த்தியில் ஸ்கேன் செய்ய வேண்டும். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் கோப்பு சிறிதாகும் என்பது உண்மை. ஆனால் அச்சு இயந்திர நாடாவின் மங்கிய மையும், பேனாவால் செய்த திருத்தமும், தாளின் பச்சைக் கோடும் ஒன்றாகிவிடும். ஓரத்தில் பேனாவால் எழுதிய திருத்தங்கள் நிரலின் அடுத்த பதிப்புக்கான சான்றுகள்.

எழுத்தறிதல் மென்பொருளை நம்பி இறங்க வேண்டாம். 0 என்ற இலக்கமும் ஓ என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தும், 1 என்ற இலக்கமும் ஐ என்ற எழுத்தும், 5-உம் எஸ் என்ற எழுத்தும் தேய்ந்த அச்சில் வேறுபாடின்றித் தெரியும். நிரலில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு நிரல். இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து, இரண்டையும் கணினியால் ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களில் மட்டும் ஸ்கேன் படத்தைப் பார்ப்பதே மெதுவானாலும் உறுதியான முறை. இருவரும் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்வது அரிது.

அடையாளக் குறிகளில் ஒரு பொறி காத்திருக்கிறது. ஐ.பி.எம். 026 துளையிடும் இயந்திரத்தில் வணிக எழுத்துத் தொகுதி, அறிவியல் எழுத்துத் தொகுதி என்று இரண்டு இருந்தன. ஒரே துளைகள் ஒன்றில் % என்றும் மற்றொன்றில் ( என்றும் அச்சாகும். அவ்வாறே # என்பது =, & என்பது +, வைரக் கட்டம் போன்ற ஒரு குறி ) ஆகும். வணிகத் தொகுதி பொருத்திய அச்சு இயந்திரத்தில் ஒரு ஃபோர்ட்ரான் நிரலை அச்சிட்டால், அடைப்புக்குறிகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் சதவீதக் குறிகளாகவும் வைரங்களாகவும் நிற்கும். இதைப் பார்த்துத் தாள் சிதைந்தது என்றோ, வேறு ஏதோ மொழி என்றோ முடிவுகட்டிவிடாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் தாளில் உள்ளபடியே தட்டச்சு செய்துவிட்டு, மாற்றத்தைப் பிறகு ஒட்டுமொத்தமாகச் செய்யுங்கள்.

அசெம்பிளர் அச்சுப்பிரதியாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒவ்வொரு வரியிலும் வலப்பக்கம் மூலக் கட்டளையும், இடப்பக்கம் அசெம்பிளர் உருவாக்கிய எண்ம எண்களும் அச்சாகியிருக்கும். நீங்கள் தட்டச்சு செய்த மூலத்தை இன்றைய அசெம்பிளரில் கொடுத்து, அது தரும் எண்களைத் தாளின் இடப்பக்க எண்களோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு வரியும் பொருந்தினால், அந்த நிரல் பிட் அளவில் மீண்டுவிட்டது என்று ஐயமின்றிச் சொல்லலாம். இங்கிலாந்தின் இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனம் உருவாக்கிய கே.டி.எஃப்.9 என்ற 48 பிட் இயந்திரத்துக்காக பிரையன் ராண்டலும் லாஃபர்ட் ரஸ்ஸலும் எழுதிய வெட்ஸ்டோன் அல்கால் தொகுப்பியை (அல்கால் என்ற உயர்நிலை மொழியில் எழுதியதை இயக்கத்தக்க வடிவமாக்கும் நிரல்), டேவிட் ஹோல்ட்ஸ்வொர்த்தும் நண்பர்களும் ஓர் அச்சுப்பிரதியிலிருந்தே மீட்டு இயக்கினார்கள். மெயின்ஃப்ரேம் அல்லாவிட்டாலும், அப்போலோ விண்கலங்களின் வழிகாட்டிக் கணினி நிரல்களை ரான் பர்க்கி குழுவினர் மீட்டதும் அச்சுப்பிரதிகளிலிருந்துதான். உயர்நிலை மொழியில் எழுதிய நிரலுக்கு இந்த எண்மக் காவல் பெரும்பாலும் கிடையாது. அங்கே தொகுப்பி ஏற்றுக்கொள்கிறதா, வெளியீடு பழைய மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்ற இரண்டையும் வைத்தே சரிபார்க்க முடியும்.

ஏழாம் படி: இயக்கிப் பார்த்தல்

மூலநிரல் கிடைத்ததோடு தேடல் முடிந்ததாகக் கருதுபவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதுவதில்லை. ஓடாத நிரலில் என்ன விடுபட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஓட முயலும்போதுதான் விடுபட்டவை ஒவ்வொன்றாக வெளிப்படும். எலைசாவின் அச்சுப்பிரதியில் முதன்மை நிரல் இருந்தது. ஆனால் அது அழைக்கும் ஸ்லிப் துணை நிரல்கள் சில அதில் இல்லை. அவற்றை வேறு ஆவணங்களிலிருந்து எடுத்தும், எங்கும் கிடைக்காதவற்றைப் புதிதாக எழுதியும் சேர்த்த பிறகே அது உயிர் பெற்றது.

இயந்திரத்துக்குப் பதிலாக எமுலேட்டர், அதாவது பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் இன்றைய மென்பொருள், வேண்டும். பாப் சுப்னிக் 1993-இல் தொடங்கிய சிம்எச் பல பழைய இயந்திரங்களைத் தாங்குகிறது. சிஸ்டம் 370 குடும்பத்துக்கு ரோஜர் பவுலர் 1999-இல் தொடங்கிய ஹெர்குலிஸ் உண்டு. 7094-க்கு டேவ் பிட்ஸின் எமுலேட்டர் இருக்கிறது. பால் பியர்ஸின் சேகரிப்பிலிருந்து வந்த சி.டி.எஸ்.எஸ். மூலநிரல் அதில் ஓடுகிறது. எலைசாவை ரூபர்ட் லேனும் குழுவினரும் அந்த வழியில்தான் இயக்கினார்கள். பயனர் நிரலை மட்டும் தேடுபவர்கள் பெரும்பாலும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை: இயக்கு தளத்தையும் தொகுப்பியையும் வேறு யாரோ ஏற்கெனவே தேடி மீட்டிருக்காவிட்டால், உங்கள் கையிலுள்ள தாள் தாளாகவே இருக்கும். தேடலைத் தொடங்கும் நாளிலேயே இவை கிடைக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நவீன மொழியில் மாற்றி எழுதிவிடலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் அசல் இயந்திரத்தின் சொல் நீளம் நிரலின் நடத்தைக்குள் ஊறிப்போயிருக்கும். 7094-இன் 36 பிட் சொல்லில் ஆறு எழுத்துகள் அடங்கும். எலைசா, பயனர் முன்பு சொன்ன ஒன்றை நினைவில் வைத்துப் பின்னால் எடுத்துப் பேசுவதற்கு நான்கு விதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அந்த ஆறெழுத்துக் குறியீட்டு வடிவில் எடுத்து, அந்த எண்ணை வர்க்கப்படுத்தி, நடுவிலுள்ள பிட்டுகளைப் பார்க்கிறது. எட்டு பிட் எழுத்துகளைக் கொண்ட இன்றைய கணினியில் அதே கட்டளையை எழுதினால் வேறு விதி தேர்வாகும். 1966-இல் அச்சான உரையாடல் அப்படியே வராது. பழைய அச்சு உரையாடலை வரிக்கு வரி ஒப்பிடுவதே இங்கே உண்மையான சோதனை.

எட்டாம் படி: உரிமையும் ஒப்படைப்பும்

1969 ஜூன் 23 அன்று மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக ஐ.பி.எம். அறிவிக்கும்வரை, அதன் நிரல்கள் இயந்திரத்தோடு சேர்த்தே வழங்கப்பட்டன. அமெரிக்காவில் 1978-க்கு முன் பதிப்புரிமை அறிவிப்பின்றி வெளியிடப்பட்ட படைப்புகள் பொதுவுடைமை. ஆனால் ஒரு பேராசிரியரின் பெட்டியில் கிடந்த அச்சுப்பிரதி வெளியிடப்பட்ட படைப்பு அல்ல. அதன் உரிமை வாரிசுகளிடம் இருக்கக்கூடும். எலைசாவின் மூலநிரலைப் பொதுவெளியில் வைக்க வைசன்பாமின் வாரிசுத் தரப்பிடம் அனுமதி பெற்றார்கள். காப்பகம் உங்களுக்கு ஸ்கேன் கொடுத்தது என்பது வெளியிடும் அனுமதி ஆகாது. இரண்டையும் தனித்தனியே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும்போது நான்கு அடுக்குகளைக் கலக்காமல் தனித்தனிக் கோப்புகளாக வையுங்கள்: ஸ்கேன் படங்கள்; தாளில் உள்ளபடியே, பிழைகளோடு செய்த தட்டச்சு; நீங்கள் செய்த திருத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு; இயங்குவதற்காகப் புதிதாக எழுதிச் சேர்த்தவை. பின்னால் வருபவர் எது 1965-ஐச் சேர்ந்தது, எது உங்களைச் சேர்ந்தது என்று ஒரு பார்வையில் அறிய வேண்டும். பழைய நிரலின் பிழைகளையும் திருத்தாமல் விட வேண்டும். எலைசாவிடம் வாக்கியத்துக்குள் ஓர் எண்ணைத் தட்டச்சு செய்தால் அது நின்றுவிடுகிறது என்று மீட்டவர்கள் கண்டார்கள். சரிசெய்வது எளிதாக இருந்தும், அசலின் பகுதி என்பதால் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். பொருள் எந்தப் பெட்டியில், எந்த உறையில், யார் வழியாகக் கிடைத்தது என்பதை ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்த்து, ஒரு பிரதியை அதே காப்பகத்துக்கே திருப்பி அனுப்பி, அவர்களுடைய பட்டியலில் நிரலின் பெயரை ஏற்றச் சொல்லுங்கள்.